காமராஜர் நினைவிடச் சுற்றுலா: அப்பாவோடு போன ஒரு நாள், ஐந்துக்கு மூன்று

படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் காமராஜர் சம்பந்தப்பட்ட இடங்களை எல்லாம் ஒரே நாளில் வேனில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற ஒரு சுற்றுலாவுக்குப் போய் வந்தேன். தலைக்கு 1,450 ரூபாய். இடங்களுக்கு ஐந்துக்கு ஐந்து, ஓட்டுநருக்கு ஐந்துக்கு ஏழு (போட முடிந்தால்), வழிகாட்டிக்கும் அவர் கையில் இருந்த ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒன்று. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூன்று. நிறுவனத்தின் பெயரைப் போடப் போவதில்லை. சின்னப் பையன்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள், நான் பெயரைப் போட்டு அவர்கள் பிழைப்பில் மண் போட வேண்டாம். ஆனால் இதே மாதிரி சுற்றுலா நடத்துகிறவர்களும், வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறவர்களும் முழுக்கப் படித்தால் நல்லது.

நான் போனதற்குக் காரணம் அப்பா. எழுபத்தேழு வயது, விருதுநகர் பக்கம் ஒரு கிராமம், ரிட்டயர் ஆகி என்னோடு சென்னையில் இருக்கிறார். 2025 அக்டோபர் 2 வந்தால் காமராஜர் இறந்து ஐம்பது வருஷம் என்று பேப்பரில் எதையோ படித்துவிட்டு, "அந்த தி.நகர் வீட்டை நான் பார்த்ததே இல்ல தெரியுமா" என்றார். இருபது வருஷமாக அசோக் நகரில் இருக்கிறோம், ஆட்டோ பிடித்தால் கால் மணி நேரம். பார்த்ததில்லையாம். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அக்டோபர் 2 அன்று கட்சிக்காரர்கள், மாலை, கூட்டம் என்று இருக்கும், அதனால் அதற்கு முந்தின வாரம் ஒரு வேலை நாளாகப் பார்த்து இரண்டு பேருக்குப் பணம் கட்டினேன். ஆட்டோவிலேயே கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரு பேக்கேஜ் இருந்தால்தான் லீவு போடத் தோன்றுகிறது, என்ன செய்ய.

பதிவு செய்வதெல்லாம் சுலபம், வாட்ஸப்பில் பெயர், வயது, ஏறும் இடம் அனுப்பினால் போதும், ஜிபே செய்ததும் ரசீது வந்துவிடுகிறது. முதியவர் வருகிறார் என்று சொன்னதற்கு முன் சீட் ஒதுக்கிவைத்திருந்தார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். வேன் வந்ததுதான் முக்கால் மணி நேரம் தாமதம். பன்னிரண்டு பேர் போகிற வேனில் ஒன்பது பேர் இருந்தோம். மதுரையில் இருந்து வந்த ஒரு ஆசிரியர் தம்பதி, ஐஏஎஸ் தேர்வுக்குப் படிக்கிற மூன்று பிள்ளைகள், கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒருவர், கடைசி நிமிடத்தில் ஓடி வந்து ஏறிய ஒருவர், அப்புறம் நாங்கள் இரண்டு பேர். ஏசி வேலை செய்தது. தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டைப் பற்றி ஒரே வரி: ஆறிப்போன சாம்பார் சாதம், நீங்களே கட்டிக்கொண்டு போங்கள்.

முதல் நிறுத்தம் அண்ணா சாலையில் ஜிம்கானா கிளப் பக்கம் இருக்கிற சிலை. தினம் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிறவர்களுக்குக்கூட அதன் விசேஷம் தெரியாது. அவர் உயிரோடு, முதலமைச்சர் நாற்காலியில் இருக்கும்போதே, 1961இல் நேரு வந்து திறந்து வைத்த சிலை அது. இருக்கும்போதே சிலை வைப்பது சரியா தவறா என்பது வேறு பேச்சு, இன்றைக்கு யாராவது வைத்தால் நான்தான் முதலில் திட்டுவேன். வழிகாட்டித் தம்பி இதைச் சரியாகச் சொன்னார். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே. இடுப்பில் ஒரு ஸ்பீக்கர், அதில் சோகமாகப் புல்லாங்குழல் ஓடுகிறது, அதற்கு மேல் இவர் குரலைத் தாழ்த்தி ஏற்றி டிவி விளம்பரக் குரலில் பேசுகிறார். அண்ணா சாலையில் காலை ஒன்பதரை மணிக்கு. பக்கத்தில் பஸ் ஹாரன் அடிக்கிறது, புல்லாங்குழலும் அடிக்கிறது. அப்பா காதிலிருந்து கேட்புக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று அதை அவர் திரும்ப மாட்டவே இல்லை.

கோட்டையை வெளியிலிருந்தே காட்டினார்கள். 1954 ஏப்ரல் 13இல் அவர் முதல்வரானதும், தன்னை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு நின்ற சி. சுப்பிரமணியத்தையே மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டதும் இந்த இடத்தில் சொல்ல வேண்டிய கதை. தம்பியும் சொன்னார். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர் என்பதையும் சொன்னார், அது இல்லாமல் யாரும் காமராஜர் பேச்சைத் தொடங்குவதில்லை. ராஜாஜியின் புதுக் கல்வித் திட்டத்தை, அதாவது எல்லோரும் குலக்கல்வி என்று எதிர்த்ததை, வந்ததும் கைவிட்டது பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவர் முதலமைச்சராக வந்த கதைக்கு அச்சாணியே அதுதான். கேட்டதற்கு, "அது கொஞ்சம் கான்ட்ரவர்சி சார்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அப்போதே எனக்கு லேசாகப் புரிந்திருக்க வேண்டும்.

வேன் ஓமந்தூரார் வளாகத்தை ஒட்டி மெதுவாகப் போகும்போது ராஜாஜி மண்டபத்தைக் காட்டினார்கள். அண்ணா, காமராஜர், எம்ஜிஆர், ஜெயலலிதா, கருணாநிதி என்று எல்லோரையும் கடைசியாகக் கிடத்தியிருந்த படிக்கட்டு. இறங்க விடவில்லை, வண்டியில் இருந்தே பார்த்தோம், இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் வேனில் இருந்த ஒன்பது பேரும் தாங்கள் டிவியில் பார்த்த ஏதோ ஒரு சாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். மதுரை ஆசிரியர் எம்ஜிஆர் இறந்தபோது லாரியில் ஏறி வந்தாராம். தேர்வுக்குப் படிக்கிற பெண் 2018இல் பள்ளிக்கு லீவு விட்டதைச் சொன்னாள். அன்றைக்கு வண்டிக்குள் நடந்ததிலேயே உருப்படியான உரையாடல் அதுதான். தம்பி அதை வளர்த்திருக்கலாம். அவரோ, "ஓகே, நெக்ஸ்ட்" என்று ஸ்பீக்கரைத் தட்டினார்.

தி.நகர் போகிற வழியில்தான் மதிய உணவுத் திட்டம் வந்தது. "உலகத்திலேயே முதன்முதலில் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டவர் நம் பெருந்தலைவர்!" என்று தம்பி சொன்னதும் தேர்வுப் பிள்ளைகள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியும், பாடத்தில் இருக்கிறது. 1920இலேயே சென்னை மாநகராட்சி, நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் சாப்பாடு போட்டிருக்கிறது, கொஞ்ச வருஷத்தில் வெள்ளைக்காரன் காசு இல்லை என்று நிறுத்திவிட்டான். காமராஜர் செய்தது வேறு, அது இதைவிடப் பெரியது. 1956 வாக்கில் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார், கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவும் அவரும் ஊர் ஊராகப் போய், அரசாங்கம் ஒரு பங்கு கொடுக்கும் மீதியை நீங்கள் போடுங்கள் என்று சனங்களிடமே கையேந்தி நடத்தினார்கள். முதலில் செய்தவர் என்று பொய்யாக ஒரு பட்டம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஆளுக்கு இருக்கிறது போதும்.

இதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் முன் சீட்டில் இருந்து அப்பா திரும்பினார். "தம்பி, சோறு யாரு போட்டா தெரியுமா? எங்கம்மா போட்டா" என்றார். அப்புறம் அவர் சொன்னது எனக்கே புதுசு. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து அடுப்படி மூலையில் ஒரு சின்னக் கலயத்தில் போட்டு வைப்பார்களாம். வாரத்துக்கு ஒரு தரம் பள்ளிக்கூடத்து வாத்தியார் சாக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வருவார், கலயத்தைக் கவிழ்ப்பார்கள். பிடி அரிசி. அதுதான் மறுநாள் சோறு. பாட்டி மட்டும் எடுத்துப் போடும்போது விரலை இறுக்கிப் பிடிக்க மாட்டாராம், நழுவி விழுகிற நாலு அரிசி திரும்ப வீட்டுப் பானைக்கே போகட்டும் என்று. "இல்லாத வீடுதானே, அவ என்ன செய்வா" என்றார் அப்பா. எட்டாம் வகுப்பில் இருக்கும்போது அமெரிக்கப் பால் பவுடர் வந்ததாம், கேர் அமைப்பு 1961இல் கொடுக்கத் தொடங்கியது. கரைத்துக் குடிக்காமல் அப்படியே வாயில் போட்டுக்கொண்டால் மேலண்ணத்தில் சுண்ணாம்பு பூசினது போல ஒட்டிக்கொள்ளும், நாக்கால் சுரண்டிச் சுரண்டி இரண்டு பீரியட் ஓட்டலாம். வேனே சிரித்தது. தம்பி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு இதைக் கேட்டார், அந்தப் புத்தி இருந்தது, அதற்காகத்தான் அந்த ஒரு நட்சத்திரம்.

இனி முக்கியமான இடம். திருமலைப் பிள்ளை சாலை வீடு.

அனுமதிக்குக் காசு கிடையாது, நினைவில்லமாக அரசாங்கம் பராமரிக்கிறது. போகாதவர்கள் போக வேண்டும், சுற்றுலா எல்லாம் வேண்டாம், சும்மா ஒரு நாள் பாண்டி பஜாருக்குத் துணி எடுக்கப் போகும்போது அப்படியே போங்கள். அந்த வீடு வாடகை வீடு. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவதும் தெரியாமல் போவதும் வேறு வேறு. ஒன்பது வருஷத்துக்கு மேல் முதலமைச்சர், அதற்கு அப்புறம் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர், 1964இல் நேரு போனதும் சாஸ்திரி, 1966இல் சாஸ்திரி போனதும் இந்திரா என்று இரண்டு பிரதமர்களை உட்கார வைத்த கை, அந்தக் கை மாதாமாதம் வாடகை கொடுத்திருக்கிறது. அவர் புழங்கிய சாமான்களும் நிறையப் படங்களும் இருக்கின்றன. நம் ஊர் மாமா வீடு ஒன்றுக்குள் போனது போல இருக்கிறது, அதுதான் அதன் பலம். பளிங்கும் கண்ணாடியுமாகக் கட்டியிருந்தால் அரை மணியில் மறந்திருப்பேன்.

1975 அக்டோபர் 2, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் இங்கேதான் இறந்தார். எமர்ஜென்சி வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அதே அக்டோபர் 2ஆம் தேதிதான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், 1963இல், கட்சி வேலைக்குப் போகிறேன் என்று முதல்வர் பதவியை விட்டார். காந்தி பிறந்த நாள் வேறு. இந்தத் தேதிப் பொருத்தத்தை வழிகாட்டிகள் விடமாட்டார்கள், நானும் விடவில்லை பாருங்கள்.

இங்கே சுற்றுலாக்காரர்கள் கொடுத்த நேரம் இருபது நிமிடம். அதில் பத்து நிமிடம் தம்பி வாசல் பக்கம் எங்களை நிறுத்தி, கடைசியாக உதவியாளரிடம் விளக்கை அணைக்கச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கதையைப் பின்னணி இசையோடு, காமராஜர் குரலிலேயே (அதாவது இவர் நினைத்துக்கொண்டிருக்கிற காமராஜர் குரலில்) நடித்துக் காட்டினார். அப்புறம் வேட்டி எத்தனை, சட்டை எத்தனை, பையில் இருந்த பணம் எத்தனை. இந்தப் பணக் கணக்கு இருக்கிறதே, வாட்ஸப்பில் ஒருவர் ஒரு தொகை அனுப்புவார், மேடையில் இன்னொருவர் இன்னொரு தொகை சொல்வார், இரண்டு பேருக்கும் கண்ணீர் மட்டும் ஒரே அளவு வரும். எதிரில் வீடே நிற்கிறது. வாடகை வீடு. அதைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதாதா? எங்கள் குழுவில் கேமராக்காரர் தவிர ஒருவரும் அந்த நடிப்பைப் பார்க்கவில்லை, எல்லோர் கண்ணும் உள்ளேதான்.

அப்பா செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுப் போனார். அங்கே கழற்றச் சொல்லவில்லை, இவராகத்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருந்ததை உதடு அசைய வாசித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், குனிவார், வாசிப்பார், இறக்குவார், அடுத்த படம். பாதிகூட முடியவில்லை, வெளியே விசில். உண்மையாகவே விசில், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் மாதிரி. "சார், டைம் ஆச்சு, கிண்டில வெயில் ஏறிரும்." அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வெளியே போய்த் தம்பியிடம் இன்னும் கால் மணி நேரம் கேட்டேன், ஷெட்யூல் என்றார், நானும் கொஞ்சம் குரலை உயர்த்தினேன், அது தேவையில்லைதான். நடுவில் வந்து காப்பாற்றியது ஓட்டுநர். "வண்டி சூடாயிருக்கு தம்பி, ஒரு இருபது நிமிஷம் நிக்கணும்" என்று பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். வண்டிக்கு ஒன்றும் இல்லை. ஏழு நட்சத்திரம் ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

அப்பா வெளியே வந்து மதில் ஓரம் நின்றார். தம்பி அதற்குள் தேர்வுப் பிள்ளைகளிடம், "ஒன்பது வருஷம் சி.எம், லைஃப்ல தோல்வியே காணாத தலைவர், நோட் பண்ணிக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் விளம்பரத் தாளிலும் இதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது.

"தம்பி, அறுபத்தேழுல என்ன ஆச்சு?" என்றார் அப்பா.

தம்பிக்குத் தெரியாமல் இல்லை. முகத்திலேயே தெரிந்தது. "சார், அது வேண்டாமே. நினைவு டூர்ல நெகட்டிவா போயிரும். ஃபேமிலி எல்லாம் வர்றாங்க" என்றார்.

இந்தச் சுற்றுலா மேல் எனக்கு இருக்கிற உண்மையான வருத்தம் இதுதான். ஆறின சாம்பார் சாதமோ தாமதமோ இல்லை. 1967 தேர்தலில் சொந்த ஊர் விருதுநகரில் பெ. சீனிவாசன் என்கிற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் காமராஜர் தோற்றார். அரிசிப் பஞ்சம், 1965 மொழிப் போராட்டம், துப்பாக்கிச் சூடு, அந்தக் கோபம் எல்லாம் சேர்ந்து அவர் கட்சி ஆட்சியே போயிற்று, அப்போது முதல்வராக இருந்த பக்தவத்சலமும் தோற்றார். இதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது காலண்டரில் இருக்கிற சாமி படம். ஒன்பது வருஷம் அணை கட்டி, பள்ளிக்கூடம் திறந்து, கிண்டியில் தொழிற்பேட்டை, நெய்வேலி, திருச்சி பெல் என்று காலத்தில் எல்லாம் வந்து, அப்படியும் ஊர்க்காரன் ஓட்டுப் போடாமல் போனால் அந்த மனுஷன் மறுநாள் காலையில் எப்படி எழுந்திருப்பான்? எனக்கு அதுதான் தெரிய வேண்டும். அதைச் சொல்லாமல் வேட்டிக் கணக்கு எதற்கு?

அப்பா தம்பியோடு சண்டை போடவில்லை. மதிலைப் பார்த்துக்கொண்டே பேசினார். அப்போது மதுரையில் காலேஜ். பத்தொன்பது வயசு, இருபத்தொன்று ஆகாததால் ஓட்டுக் கிடையாது. ஆனால் தேர்தலுக்கு ஊருக்கு வந்து, வாடகை சைக்கிளில் பசை வாளியை மாட்டிக்கொண்டு சீனிவாசனுக்குப் போஸ்டர் ஒட்டினாராம். எனக்கு இது நாற்பத்தாறு வயதில் தெரிகிறது. வீட்டில் காமராஜர் படம் மாட்டியிருக்கிற மனுஷன். "ஜெயிச்சோம்னு சேதி வந்ததும் ஊர் முக்குல சரம் சரமா வெடி போட்டோம். ராத்திரி வீட்டுக்குப் போனா எங்கம்மா சோறு போடல. அடுப்புல சோறு இருக்கு. போடல. ‘உனக்குச் சோறு போட்டவன தோக்கடிச்சிட்டு வந்திருக்க, அவன்கிட்டயே போய்க் கேளு’ன்னுட்டா."

யாரும் பேசவில்லை. தேர்வுப் பெண்தான் கேட்டாள், "அப்போ செஞ்சது தப்புன்னு நினைக்கிறீங்களா தாத்தா?"

"இல்லையே. அன்னைக்கு அது சரி" என்றார் அப்பா உடனே. "எங்கம்மா சொன்னதும் சரிதான்."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் கேட்டார்.

அப்புறம் ஓட்டுநர் பிடித்துக்கொண்டார். அவர் நாகர்கோவில்காரர், அறுபதைத் தாண்டியவர். அங்கே எம்பியாக இருந்த நேசமணி இறந்ததால் 1969 ஜனவரியில் நாகர்கோவிலில் இடைத்தேர்தல் வந்தபோது அவருக்குப் பத்துப் பதினொரு வயசு. தோற்று வந்தவரை நாங்கள்தான் தூக்கி நிறுத்தினோம் என்று நேற்று நடந்தது போலப் பேசுகிறார். லட்சத்துக்கு மேல் வாக்கு வித்தியாசம், அது வரலாற்றிலேயே இருக்கிறது. 1971இலும் அங்கேதான் ஜெயித்தார், சாகிற வரைக்கும் அந்த ஊருக்குத்தான் எம்பி. "ஓங்க ஊர்ல வேண்டாம்னு சொன்னிய, எங்க ஊர்ல வச்சுக்கிட்டோம்" என்று அப்பாவைப் பார்த்து ஓட்டுநர் சொல்ல, அப்பா அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு பேரும் பக்கத்துக் கடையில் டீ குடித்தார்கள். காசு கொடுக்க இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். 1,450 ரூபாயில் எனக்குப் பெறுமானம் இந்த இருபது நிமிடம், அதுவும் சூடாகாத எஞ்சினுக்காக நின்ற இருபது நிமிடம்.

கிண்டி கடைசி நிறுத்தம். காந்தி மண்டபத்தை ஒட்டிக் காமராஜரை எரித்த இடம், மேலே பெரிய ராட்டை. ராஜாஜிக்கும் பக்தவத்சலத்துக்கும் அதே வளாகத்தில்தான் நினைவிடங்கள். வாழ்நாளெல்லாம் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டிய ராஜாஜியும் காமராஜரும் இப்போது ஒரே மரக்கூட்டத்துக்குள் இருப்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தலில் ராஜாஜியின் ஆளை மூன்றே ஓட்டில், 103க்கு 100 என்று, காமராஜர் ஜெயித்ததில் தொடங்கிய பகை அது. இன்னொன்றும் இருக்கிறது. அவர் இறந்தபோது முதலமைச்சராக இருந்தவர் கருணாநிதி, அதாவது அரசியலில் நேர் எதிர் அணி. அரசு மரியாதை கொடுத்து, இந்த இடத்தை ஒதுக்கி எல்லாம் செய்தது அந்த அரசாங்கம்தான். இந்திரா காந்தியும் வந்தார், 1969 காங்கிரஸ் பிளவுக்கு அப்புறம் அவரோடும் எதிர் அணிதான். எதிரிகள் எல்லாம் வந்து நின்ற சாவு. தம்பி இதையும் விட்டுவிட்டார். "கான்ட்ரவர்சி" என்று நினைத்திருப்பார் போல. இதில் என்னய்யா கான்ட்ரவர்சி, இன்றைக்குச் சொல்ல வேண்டியதே இதுதான் என்று நான் சொல்லவில்லை, ஏற்கெனவே ஒரு தடவை குரலை உயர்த்தியாகிவிட்டது. நல்ல நிழல், பெஞ்சு இருக்கிறது, நடக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கும் பரவாயில்லை. காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களைப் பார்க்கலாம். இங்கே ஒரு மணி நேரம் கொடுத்தார்கள், அது அதிகம். தி.நகரில் ஒரு மணியும் இங்கே இருபது நிமிடமும் என்று மாற்றினாலே பாதிக் குறை தீரும்.

திரும்பும்போது எல்லோருக்கும் ஒரு ஃபிரிட்ஜ் மேக்னட்டும் எட்டுப் பக்கக் கையேடும் தந்தார்கள். மேக்னட் நன்றாக இருக்கிறது, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மின்சாரக் கட்டண ரசீதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையேடு வழுவழுத் தாள், உள்ளே பிழை. பாரத ரத்னா 1975 என்று போட்டிருக்கிறார்கள், இறந்தபின் 1976இல்தான் கொடுத்தார்கள். காலவரிசைப் பட்டியலில் 1964க்கு அடுத்து நேராக 1975. நடுவில் பதினொரு வருஷம் அந்த மனுஷன் என்ன செய்துகொண்டிருந்தாராம்? சிறையில் இருந்த ஏறத்தாழ ஒன்பது வருஷத்துக்கு ஒரே ஒரு வரி. சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, வெளியே வந்ததும் பதவியை ராஜினாமா செய்தாரே, அந்த நல்ல கதையையும் காணோம். இதில் என்ன நெகட்டிவ் என்று தெரியவில்லை, இது வெறும் சோம்பேறித்தனம்.

வேன் அசோக் நகர் வருவதற்குள் அப்பா என்னிடம் பேனா வாங்கினார். மடியில் கையேட்டை வைத்து, குலுங்குகிற வண்டியில், 1975ஐ அடித்து 1976 ஆக்கினார். அப்புறம் 1964க்கும் 1975க்கும் நடுவில் இருந்த வெள்ளை இடத்தில் பொடி எழுத்தில் எழுதினார்: ‘1967 - விருதுநகர் - 1,285 வாக்கில் தோல்வி. 1969 - நாகர்கோவில் - வெற்றி.’ இறங்கும்போது தம்பி கையில் கொடுத்து, "அடுத்த தடவை அடிக்கும்போது சேத்துக்கோங்க தம்பி" என்றார். தம்பி மரியாதையாக வாங்கிக்கொண்டார், போனில் படம்கூட எடுத்துக்கொண்டார். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன், யாரோ எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறார். ஓட்டுநரின் நம்பரை அப்பா வாங்கி வைத்திருக்கிறார், இப்போது இரண்டு பேரும் தினம் குட் மார்னிங் அனுப்பிக்கொள்கிறார்கள்.

போகலாமா வேண்டாமா என்றால், தனியாகப் போகத் தெரிந்தவர்கள் தனியாகவே போங்கள், தி.நகர் வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் யாராவது எழுபதைத் தாண்டியவர் இருந்தால் அவரைக் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருந்து வந்து ஒரே நாளில் எல்லாம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த வேன் பரவாயில்லை. ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள், அணைப்பார்கள்.

இதை எழுதி வைத்து, போடுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று அவர்களிடமிருந்து வாட்ஸப்பில் புது விளம்பரம் வந்தது. பாரத ரத்னா 1976 என்று திருத்தியிருக்கிறார்கள். அதற்கு மேலே பழைய அதே பெரிய எழுத்தில் ‘தோல்வியே காணாத தலைவர்’. கட்டணம் இப்போது 1,550.